75 செக்கன் எப்படி 48 ஆனது? – கணினிக் கேள்வி பதில்

கேள்வி: எமது பாடசாலையின் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்காக, சி ஷார்ப் என்ற நிரல் மொழியில், விண்டோஸ் திரைகளை அமைக்க உதவும் விண்டோஸ் போர்ம்ஸ் கொண்டு நேரங்காட்டி ஒன்றை எழுதினேன். டைமரின் இடைவெளியை 10 மில்லிசெக்கன் என வைத்து, அது இயங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு மாறியில் 10ஐக் கூட்டுகிறேன். ஒத்திகையில் 400 மீற்றர் ஓடிய மாணவிக்கு ஆசிரியரின் நிறுத்தற்கடிகாரம் 75 செக்கன் காட்ட, எனது திரை 48 செக்கன் காட்டியது. மடிக்கணினி பழுதா?
– கிளிநொச்சி வாசகர்

பதில்: மடிக்கணினியில் பழுது எதுவும் இல்லை. 1985இல் கன்பராவில் கிழக்கு ஜேர்மனியின் மரிட்டா கோச் பெண்களுக்கான 400 மீற்றரில் உலக சாதனை படைத்து ஓடிய நேரமே 47.60 செக்கன்தான் என்பதால், இந்தத் தவறு ஒத்திகையிலேயே பிடிபட்டது நல்லதாயிற்று.

நீங்கள் எழுதியனுப்பிய இரண்டு எண்களிலேயே காரணம் இருக்கிறது. 75ஐ 48ஆல் வகுத்தால் 1.5625 வரும், அதாவது 10 மில்லிசெக்கன் என்று நீங்கள் நம்பிய ஒவ்வோர் இடைவெளியும் உண்மையில் 15.625 மில்லிசெக்கன் நீண்டிருக்கிறது. விண்டோஸின் உள்கடிகாரம் வழக்கமாகச் செக்கனுக்கு 64 தடவை துடிக்கிறது, ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள நேரம் அதே 15.625 மில்லிசெக்கன். ஏ9 வீதியில் கால்மணிக்கு ஒரு பஸ் என்றால், பத்து நிமிடத்தில் அலுவலை முடித்தவரும் அடுத்த பஸ் வரும்வரை தரிப்பிடத்தில் நின்றுதான் ஆகவேண்டும். உங்கள் டைமரும் அவ்வாறே அடுத்த துடிப்புக்காகக் காத்து நின்றது. 75 செக்கனில் 4800 துடிப்புகள், துடிப்புக்குப் பத்தாக நீங்கள் கூட்டியது 48,000 மில்லிசெக்கன்.

இடைவெளியை 15.625 எனத் திருத்தி எழுதலாமே என்று தோன்றும். இடைவெளியைக் குறிக்கும் பெட்டி முழு எண்ணைத்தான் ஏற்கும் என்பது ஒருபுறமிருக்க, வேறொரு பொறியும் உண்டு. இந்த டைமர் உங்கள் நிரலுக்கு அனுப்புவது ஒரு செய்தியைத்தான். விசை அழுத்தம், சுட்டி அசைவு போன்றவை எல்லாம் முடிந்த பிறகே அதற்கு முறை வரும். நீங்கள் முடிவுகளைக் கோப்பில் சேமிக்கும்போது திரை இரண்டு செக்கன் உறைந்தால், அந்த இடைவேளையில் வரவேண்டிய நூற்றுக்கும் மேற்பட்ட செய்திகள் வரிசையில் குவிந்து காத்திருப்பதில்லை, ஒன்றாகச் சுருங்கிவிடும். இந்த டைமரின் துல்லியம் 55 மில்லிசெக்கன் வரைதான் என்று மைக்ரோசொஃப்ட் தனது ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறது.

எனவே துடிப்புகளை எண்ணுவதைக் கைவிடுங்கள். ஓட்டம் தொடங்கும்போது சி ஷார்ப் நிரல்களுக்கு அடித்தளமான டொட் நெட்டில் உள்ள ஸ்டொப்வொட்ச் என்ற வகுப்பின் பொருளொன்றை இயக்கிவிட்டு, டைமர் இயங்கும்போது அதில் கழிந்த நேரத்தை வாசித்துத் திரையில் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்போது டைமர் தாமதித்தாலும் திரை சற்றுப் பிந்திப் புதுப்பிக்கப்படுமே தவிர, நேரம் பிழைக்காது. இடைவெளியாக 50 மில்லிசெக்கன் தாராளம். நிறுத்தும் விசை அழுத்தப்பட்டதும் முதல் வரியிலேயே நேரத்தை வாசித்துவிட வேண்டும். பெயரைத் தேடுவதும் சேமிப்பதும் அதற்குப் பின்னர். கையால் எடுக்கும் நேரம் பத்தில் ஒரு செக்கனுக்கு மேல்நோக்கி முழுமையாக்கப்படுவதே மெய்வல்லுநர் விதி என்பதால், மூன்று தசமதானங்களைக் காட்டிப் பெருமைப்படவும் தேவையில்லை.

கேள்வி: ஒரு மில்லிசெக்கன் மட்டும் உறங்கும்படி எழுதிய எனது நிரல், இணைய உலாவி திறந்திருக்கும்போது ஒழுங்காகவும், மூடினால் பதினைந்து மடங்கு மெதுவாகவும் இயங்கியது. புதிய கணினியில் உலாவி திறந்திருந்தாலும் மெதுவாகத்தான் இருக்கிறது. உலாவிக்கும் எனது நிரலுக்கும் என்ன தொடர்பு?
– வவுனியா வாசகர்

பதில்: டைம்பிகின்பீரியட் என்ற விண்டோஸ் அழைப்பின் மூலம், முதல் பதிலில் சொன்ன துடிப்பின் இடைவெளியை ஒரு மில்லிசெக்கனுக்குக் குறைக்க எந்த நிரலும் கேட்கலாம். முன்னர் ஒருவர் கேட்டால் கணினி முழுவதற்கும் அது கிடைத்தது. உலாவி கேட்டதை உங்கள் நிரல் இரவலாக அனுபவித்திருக்கிறது. 2020இல் வெளியான விண்டோஸ் 10இன் 2004 என்ற எண்ணுடைய பதிப்பிலிருந்து, கேட்ட நிரலுக்கே அந்தச் சலுகை உறுதி. துடிப்பு வேகமானால் மின்கலம் விரைவில் தீரும் என்பதால், தேவைப்படும் நேரத்தில் மட்டும் நீங்களே கேட்டு, வேலை முடிந்ததும் டைம்எண்ட்பீரியட் மூலம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: எமது இணையக் கடையில் தொடக்க நேரத்தை முடிவு நேரத்திலிருந்து கழித்துக் கட்டணம் கணிக்கிறோம். மின்சாரம் போய் வந்த ஒரு நாளில், அரைமணி நேரம் இருந்தவருக்குப் பல ஆண்டுகளுக்கான கட்டணம் வந்தது.
– முல்லைத்தீவு வாசகர்

பதில்: மின்சாரம் இல்லாதபோதும் திகதியைக் காக்கும், தாய்ப்பலகையிலுள்ள நாணய மின்கலம் தீர்ந்திருக்கிறது. மின்சாரம் வந்ததும் கணினி பழைய திகதியோடு எழுந்திருக்கும். வாடிக்கையாளர் அமர்ந்த பின்னர் இணையம் கிடைத்ததும் திகதி தானாகத் திருந்தியிருக்கும். இடைப்பட்ட ஆண்டுகள் எல்லாம் அவர் தலையில் விழுந்தன. திகதிக் கடிகாரம் இப்படி முன்னும் பின்னும் தாவக்கூடியது. கழிந்த நேரத்துக்கு மேலே சொன்ன ஸ்டொப்வொட்சையே பயன்படுத்துங்கள். ஆனால் மின்சாரம் நின்றால் அதுவும் அழிந்துவிடும் என்பதால், நிமிடத்துக்கு ஒருமுறை கழிந்த நேரத்தைக் கோப்பில் எழுதி வைத்து, மீண்டும் தொடங்கும்போது அதிலிருந்து கூட்டிக்கொள்ள வேண்டும். அநேகமான தாய்ப்பலகைகளுக்கு சி.ஆர். 2032 என்ற மின்கலம் பொருந்தும். பழையதைக் கழற்றி அதன் மேலுள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.