கணக்கு தாக்கல் செய்யாத கம்பெனி: நோட்டீஸுக்கு முன்னும் பின்னும்

கம்பெனிப் பதிவாளருக்கு (ஆர்.ஓ.சி.) ஆண்டுக் கணக்கு அனுப்பத் தவறியவர்கள் கேட்டிருக்கும் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கே: நானும் நண்பரும் பனியன் வியாபாரத்துக்காக ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கினோம். மூன்று வருஷமாக வியாபாரம் சுத்தமாக நின்றுவிட்டது. கடைசி இரண்டு நிதியாண்டுகளுக்கு ஆர்.ஓ.சி.யில் எதுவும் தாக்கல் செய்யவில்லை. வருமானமே இல்லாத கம்பெனிக்கும் அபராதம் உண்டா? (திருப்பூர் வாசகர்)

ப: உண்டு. வியாபாரம் நடந்தால்தான் கணக்கு காட்ட வேண்டும் என்று நினைத்துத்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பதிவேட்டில் பெயர் இருக்கிறவரை, வரவு செலவு பூஜ்யமானாலும் அந்தப் பூஜ்யத்தை ஆடிட் செய்து ஏற்றியாக வேண்டும். வருமான வரிக் கணக்கும் அப்படியே.

கெடு இப்படி ஓடும். மார்ச் 31-ல் நிதியாண்டு முடிகிறது. செப்டம்பர் 30-க்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம். கூட்டம் நடந்த 30 நாளுக்குள் பேலன்ஸ் ஷீட் முதலான நிதிநிலை அறிக்கைகள் ஏஓசி-4 படிவத்தில் போக வேண்டும். 60 நாளுக்குள் பங்குதாரர், டைரக்டர் விவரங்கள் கொண்ட ஆண்டு அறிக்கை எம்ஜிடி-7-ல், சிறு கம்பெனியானால் எம்ஜிடி-7ஏ-யில் போக வேண்டும். ‘நாங்கள் கூட்டமே நடத்தவில்லையே, கெடு எப்படி ஆரம்பிக்கும்?’ என்ற வாதம் செல்லாது. கூட்டம் நடந்திருக்க வேண்டிய கடைசி நாளிலிருந்து எண்ணிவிடுவார்கள்.

கெடு தாண்டினால் படிவம் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம். 2018 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் இதற்கு உச்சவரம்பே கிடையாது. ஒரு வருஷத் தாமதம் என்றால் ஒரு படிவத்துக்கு 36,500. இரண்டு படிவத்துக்கும் சேர்த்து 73,000. இரண்டு ஆண்டுப் பாக்கியில் ஒன்று இரண்டு வருஷமும் இன்னொன்று ஒரு வருஷமும் தாமதமாகியிருந்தால் மொத்தம் 2,19,000 ரூபாய். வழக்கமான தாக்கல் கட்டணம் 200-லிருந்து 600 ரூபாய்க்குள் அடங்கிவிடும், அது பொருட்டல்ல.

ஆனால் உங்கள் நிலையில் பணத்தைக் கொட்டுவதற்கு முன் வேறொரு வழியைப் பாருங்கள். தொடர்ந்து இரண்டு நிதியாண்டுகள் தொழில் செய்யாத கம்பெனி, தானே முன்வந்து எஸ்டிகே-2 படிவத்தில் பெயரை நீக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். கட்டணம் 10,000 ரூபாய். விதியில் உள்ள முக்கியமான சலுகை: தொழில் எந்த நிதியாண்டில் நின்றதோ அந்த ஆண்டு முடிய உள்ள தாக்கல்கள் சரியாக இருந்தால் போதும். அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு ஏஓசி-4, எம்ஜிடி-7 கேட்கமாட்டார்கள். அதாவது உங்கள் 2,19,000 ரூபாய் மிச்சமாகலாம்.

அந்தச் சலுகை ஆர்.ஓ.சி. முந்திக்கொள்ளாதவரைதான். அவர்களே பெயர் நீக்க நடவடிக்கை தொடங்கி எஸ்டிகே-1 நோட்டீஸ் அனுப்பிவிட்டால், பாக்கி அத்தனையையும் தாக்கல் செய்த பிறகே எஸ்டிகே-2 போட முடியும். நீக்கியதாக எஸ்டிகே-7 அறிவிப்பு வெளியாகிவிட்டால் விண்ணப்பிக்கவே முடியாது.

விண்ணப்பத்துக்குத் தேவையானவை: முக்கால் பங்கு மூலதனம் வைத்திருப்பவர்களின் சம்மதம் அல்லது சிறப்புத் தீர்மானம், டைரக்டர்கள் ஒவ்வொருவரின் உத்தரவாதப் பத்திரம் (எஸ்டிகே-3), பிரமாணப் பத்திரம் (எஸ்டிகே-4), ஆடிட்டர் சான்றளித்த சொத்து-கடன் அறிக்கை (எஸ்டிகே-8). இந்த அறிக்கை விண்ணப்ப நாளுக்கு 30 நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. முத்திரைத்தாள் வாங்க, டைரக்டர் ஊரிலிருந்து வர என்று இழுத்தடித்து, இந்த 30 நாளைக் கோட்டைவிட்டு மறுபடி அறிக்கை எடுப்பவர்கள் ஏராளம். பேங்க் கணக்கை முன்கூட்டியே மூடி, மூடிய கடிதத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி பதிவையும் ரத்து செய்யுங்கள். தொழில் நின்றதாக நீங்கள் சொல்லும் தேதிக்குப் பிறகு பேங்க் ஸ்டேட்மென்ட்டில் ஒரு சரக்குப் பணம் வந்திருந்தால், கதை அங்கேயே உடைந்துவிடும். 2023 மே முதல் இந்த விண்ணப்பங்களை நாடு முழுவதற்கும் ஒரே மையம் (சி-பேஸ்) பார்க்கிறது.

மூன்றாவது ஆண்டின் கெடுவுக்கு முன் முடித்துவிடுங்கள். ஏன் என்பது மூன்றாவது கேள்வியில் இருக்கிறது.

கே: தாமதக் கட்டணம் கட்டி எல்லாவற்றையும் ஏற்றிவிட்டால் பிரச்னை தீர்ந்ததா? அபராத உத்தரவு தனியாக வரும் என்கிறார்களே? (மதுரை வாசகி)

ப: இரண்டும் வேறு. நாளுக்கு 100 ரூபாய் என்பது படிவத்தோடு கட்டும் கட்டணம். அபராதம் என்பது பதிவாளர் நோட்டீஸ் கொடுத்து, விளக்கம் கேட்டு, உத்தரவாகப் போடுவது. கம்பெனிச் சட்டத்தில் நிதிநிலை அறிக்கைக்கு 137-வது பிரிவு, ஆண்டு அறிக்கைக்கு 92-வது பிரிவு. இரண்டிலும் கம்பெனிக்கு 10,000 ரூபாய், அதன்மேல் நாளுக்கு 100, அதிகபட்சம் 2 லட்சம். பொறுப்பான டைரக்டர் ஒவ்வொருவருக்கும் அதே கணக்கு, அதிகபட்சம் 50,000. சிறு கம்பெனி, ஒருநபர் கம்பெனி, ஸ்டார்ட்-அப் என்றால் இதில் பாதிக்கு மேல் விதிக்க முடியாது. டைரக்டர் மேல் விழும் அபராதத்தை அவர் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும்.

2020-ல் சட்டத்தைத் திருத்தியபோது ஒரு நல்ல வாசல் திறந்தார்கள். இந்த இரண்டு தவறுகளில் மட்டும், நோட்டீஸ் வருவதற்கு முன்போ, நோட்டீஸ் தேதியிலிருந்து 30 நாளுக்குள்ளோ தாக்கல் செய்துவிட்டால் அபராதமே விதிக்கக் கூடாது. நடவடிக்கை முடிந்ததாகவே கருத வேண்டும் (454(3) பிரிவு). கட்டணம் கட்டத்தான் வேண்டும், அபராதம் இல்லை.

30 நாள் தாராளமாகத் தெரியும். ஆடிட் ஆகாத கம்பெனிக்கு அது போதாது. தடங்கல் எங்கே வரும் என்றால்: ஆடிட்டர் நியமனம் ஏடிடி-1-ல் பதிவாகாமல் ஏஓசி-4 நகராது. டைரக்டரின் டிஜிட்டல் கையெழுத்துக் கருவி காலாவதி ஆகியிருக்கும். கேஒய்சி செய்யாததால் அவரது டைரக்டர் அடையாள எண் (டின்) முடங்கியிருக்கும். பழைய தேதி போட்டு பேலன்ஸ் ஷீட் வாங்கிவிடலாம் என்ற யோசனையும் நடக்காது. ஆடிட்டர் கையெழுத்துக்கு யூடின் எண் (ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஆடிட்டர் இணையத்தில் எடுக்கும் தனி அடையாள எண்) வேண்டும், அதைக் கையெழுத்திட்ட 60 நாளுக்குள்தான் எடுக்க முடியும். தாமதமாக நடந்த கூட்டத்தை நடந்த தேதியிலேயே காட்டுங்கள். அது தனித் தவறுதான், ஆனால் சமரசக் கட்டணத்தில் (வழக்கு நடத்தாமல் பணம் கட்டி முடித்துக்கொள்வது) தீர்க்கக்கூடிய தவறு. போலித் தேதி அப்படியல்ல.

இன்னொன்று. அந்த நோட்டீஸ் போவது ஆர்.ஓ.சி. பதிவேட்டில் உள்ள மின்னஞ்சலுக்கும் முகவரிக்கும். பல கம்பெனிகளில் அந்த மின்னஞ்சல், தொடக்கத்தில் பதிவு செய்துகொடுத்த ஆலோசகருடையதாகவே இருக்கும். அவரோடு தொடர்பு அறுந்து பல வருஷம் ஆகியிருக்கும். எம்சிஏ (மத்திய கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்தில் உங்கள் கம்பெனியின் விவரப் பக்கத்தை இன்றைக்கே திறந்து, எந்த மின்னஞ்சல் இருக்கிறது என்று பாருங்கள்.

உத்தரவு வந்துவிட்டால் 60 நாளுக்குள் மண்டல இயக்குநரிடம் மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீடும் செய்யாமல் 90 நாளுக்குள் பணமும் கட்டாமல் இருந்தால் அது குற்ற வழக்கு. டைரக்டருக்கு 6 மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடம் உண்டு.

கே: என் அண்ணன் கம்பெனியில் ‘கணக்குக்கு இரண்டு பேர் வேண்டும்’ என்று என்னையும் டைரக்டராகப் போட்டார். நான் ஒரு ரூபாய் வாங்கியதில்லை. இப்போது வேறொரு கம்பெனியில் டைரக்டராகச் சேரப் போனால் தகுதியிழப்பு என்கிறார்கள். (சேலம் வாசகி)

ப: 164(2) பிரிவு. ஒரு கம்பெனி தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் நிதிநிலை அறிக்கையோ ஆண்டு அறிக்கையோ தாக்கல் செய்யாவிட்டால், அதன் டைரக்டர்கள் ஐந்து ஆண்டுக்கு அந்தக் கம்பெனியில் மறுநியமனம் பெற முடியாது, வேறு கம்பெனியிலும் சேர முடியாது. ஏற்கெனவே வேறு கம்பெனிகளில் டைரக்டராக இருந்தால் அந்தப் பதவிகளும் போகும். விசித்திரம் என்னவென்றால், தவறு செய்த கம்பெனியில் மட்டும் பதவி நீடிக்கும். அங்கேயும் எல்லாரும் போய்விட்டால் பாக்கிக் கணக்கில் கையெழுத்துப் போட ஆளே இருக்காது என்பதற்காக 2018-ல் இப்படித் திருத்தினார்கள்.

சம்பளம் வாங்கவில்லை, கூட்டத்துக்குப் போனதில்லை என்பதெல்லாம் இந்தப் பிரிவில் விலக்கு ஆகாது. தூங்கும் டைரக்டர் என்று ஒரு வகை சட்டத்தில் இல்லை. பாக்கியை இப்போது தாக்கல் செய்தாலும் ஏற்கெனவே விழுந்த ஐந்து ஆண்டு தானாகக் கரைந்துவிடாது.

பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, நீங்கள் முன்பே ராஜினாமா கொடுத்திருந்தால் அந்தக் கடிதம் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சி. ராஜினாமாவை டிஐஆர்-12-ல் ஆர்.ஓ.சி.க்குத் தெரிவிப்பது கம்பெனியின் வேலை. அண்ணன் செய்யாமல் விட்டிருக்கலாம். அதற்காகவே டைரக்டர் தானாகத் தெரிவிக்க டிஐஆர்-11 படிவம் இருக்கிறது. மூன்றாவது ஆண்டின் கெடுவுக்கு முன்பே விலகியதைக் காட்ட முடிந்தால் உங்கள் வாதத்துக்கு வலு உண்டு. ஆனால் சட்டம் ‘டைரக்டராக இருக்கிற அல்லது இருந்த’ என்று அகலமாகச் சொல்வதால் பதிவாளர் எளிதில் ஒத்துக்கொள்ளமாட்டார்.

இரண்டாவது, டின் முடக்கம். 2017-ல் மத்திய அரசு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளின் பெயரை நீக்கி, 3 லட்சத்துக்கும் மேற்பட்ட டைரக்டர்களைத் தகுதியிழந்தவர்களாகப் பட்டியலிட்டது. அதை எதிர்த்து வழக்குகள் குவிந்தன. சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2020 அக்டோபரில், தகுதியிழப்பைக் காரணம் காட்டி டின்னை முடக்க விதிகளில் அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இது கையில் உள்ள ஆயுதம். ரிட் மனுவுக்கு வழக்கறிஞரிடம் போகும்போது டின், எம்சிஏ தளத்தில் தெரியும் நிலையின் அச்சுப்படி, ராஜினாமாக் கடிதம் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

கே: எங்கள் குடும்பக் கம்பெனியின் பெயரை ஆர்.ஓ.சி. நீக்கிவிட்டது. கம்பெனி பெயரில் நிலம் இருக்கிறது. விற்க முடியுமா? (கோவை வாசகர்)

ப: இப்போதைய நிலையில் விற்காதீர்கள். பெயர் நீங்கிய கம்பெனி தனக்கு வர வேண்டியதை வசூலிக்கவும் கடனை அடைக்கவும் மட்டுமே இருப்பதாகக் கருதப்படும். டைரக்டராகக் கையெழுத்திட்டுக் கிரையம் செய்தால் வாங்குபவரின் வில்லங்கமும் உங்கள் தலையில் விழும். டைரக்டர்களின் பழைய பொறுப்புகளும் அப்படியே தொடரும்.

வழி, 252-வது பிரிவின்கீழ் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மனு. பதிவாளரின் உத்தரவால் பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்ய 3 ஆண்டு. கம்பெனி, பங்குதாரர், கடன் கொடுத்தவர், தொழிலாளி ஆகியோர் மனுப் போட அரசிதழ் அறிவிப்பிலிருந்து 20 ஆண்டு வரை அவகாசம். பெயர் நீங்கிய நேரத்தில் கம்பெனி இயங்கியது, அல்லது மீட்பது வேறு வகையில் நியாயமானது என்று தீர்ப்பாயத்துக்குத் திருப்தி வர வேண்டும். சொத்து இருப்பது வலுவான காரணம். கிரையப் பத்திரம், வில்லங்கச் சான்று, சொத்துவரி ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்குகள், விட்டுப்போன ஆண்டுகளின் ஆடிட் ஆன பேலன்ஸ் ஷீட் எல்லாம் சேர்க்க வேண்டும். ‘மீட்டால் தாக்கல் செய்வோம்’ என்று வெறும் உறுதிமொழியோடு போவதைவிட, ஆடிட் முடித்துக் கையில் வைத்துக்கொண்டு போவது மேல். பதிவாளரிடமும் வருமான வரித் துறையிடமும் அறிக்கை கேட்பார்கள். அதில்தான் மாதங்கள் ஓடும்.

உத்தரவு கிடைத்ததும் 30 நாளுக்குள் ஐஎன்சி-28-ல் பதிவாளருக்கு அனுப்புங்கள். அதை மறந்துவிட்டு, ஜெயித்த பிறகும் தளத்தில் ‘பெயர் நீக்கப்பட்டது’ என்றே காட்டுகிறதே என்று குழம்புபவர்கள் உண்டு. அதன்பின் பாக்கித் தாக்கல், நாளுக்கு 100 ரூபாய் சகிதம்.

உங்களுக்கு ஒரு குறிப்பு: கம்பெனி அடையாள எண்ணின் நடுவில் ‘டிஎன்’ என்று இருந்தால் சென்னை ஆர்.ஓ.சி., ‘டிஇசட்’ என்று இருந்தால் கோவை ஆர்.ஓ.சி. மனுவில் எதிர்மனுதாரராகச் சரியான அலுவலகத்தைப் போடுங்கள்.

கே: நான் பங்கு வைத்திருக்கும் ஒரு கம்பெனி இரண்டு காலாண்டாக ரிசல்ட் வெளியிடவில்லை. பங்குச் சந்தை என்ன செய்யும்? (தஞ்சாவூர் வாசகர்)

ப: பட்டியலிடப்பட்ட கம்பெனி காலாண்டு முடிந்த 45 நாளுக்குள், ஆண்டு முடிவை 60 நாளுக்குள் வெளியிட வேண்டும் என்பது செபி (பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியம்) விதி. தவறினால் சந்தை நாளுக்கு 5,000 ரூபாய் அபராதம் விதிக்கும், புரமோட்டர்களின் டீமேட் கணக்கை முடக்கும். தொடர்ந்து இரண்டு காலாண்டு தவறினால் பங்கை ‘இசட்’ பிரிவுக்கு மாற்றும். அங்கே இன்று வாங்கி இன்றே விற்க முடியாது, ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் டெலிவரி கட்டாயம். அப்படியும் அசையாவிட்டால் வர்த்தகம் நிறுத்தம். நிறுத்திய 15 நாளுக்குப் பிறகு, வாரத்தின் முதல் வர்த்தக நாளில் மட்டும் ஆறு மாதத்துக்கு விற்க ஒரு வாய்ப்புத் தருவார்கள். வாங்க ஆள் கிடைப்பதுதான் பாடு.

கடைசிக் கட்டம் கட்டாயப் பட்டியல் நீக்கம். அப்போது தனி மதிப்பீட்டாளர் நிர்ணயிக்கும் நியாய விலைக்குப் பொதுப் பங்குதாரர்களிடமிருந்து புரமோட்டர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். விதியில் அப்படி, கணக்கே கொடுக்காத புரமோட்டர் காசு கொடுப்பார் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். ‘இசட்’ பிரிவில் விழுந்த முதல் வாரங்களில் விற்க முடிந்தால் விற்றுவிடுங்கள்.