இறக்கக் கோணக் கணக்குல 25.36 வருது, ஆன்சர் கீல 43.92 இருக்கு, எது சரி?

43.92 மீட்டர்தான் தம்பி, கீ சரியாத்தான் இருக்கு. 60 மீட்டர் கலங்கரை விளக்கம், ஒரே பக்கம் ரெண்டு படகு, இறக்கக் கோணம் (உச்சியில கிடைக்கோட்டுலேந்து கீழ படகைப் பாக்குற கோணம்) 45°, 30°, ரெண்டு படகுக்கும் இடையில தூரம் எவ்வளவுங்கறதுதான கேள்வி. தூரத்துப் படகு 60√3, அதாவது 103.92, கிட்டப் படகு 60, கழிச்சுக்க.

நீ 30°ய உச்சியில கலங்கரை விளக்கத்தை ஒட்டி முக்கோணத்துக்குள்ள போட்டிருப்ப, அதான் 60/√3 = 34.64 வந்து அதை 60ல கழிச்சு 25.36. 45°ய எந்த மூலையில போட்டாலும் அதே 60தான் வரும், அதனால தப்பு கண்ணுக்கே தெரியாது, நெறைய பிள்ளைக இங்கதான் மாட்டுறாங்க.

முதல்ல உச்சியில ஒரு கிடைக்கோடு இழு, 30° அதுக்குக் கீழதான் வரும். அந்தக் கோடும் கடல்மட்டமும் இணை, ஒன்றுவிட்ட கோணம் சமம்ங்கறதால படகுகிட்டயும் அதே 30°, இப்ப டேன் 30° = 60/தூரம்.

சரிபார்க்கணும்னா பாம்பன் ரோட்டுப் பாலத்துல நின்னு கீழ பாத்தத நெனச்சுக்க, பாலத்துக்குக் கிட்ட வர்ற நாட்டுப்படகப் பாக்க கழுத்த நல்லா குனியணும், தள்ளிப் போயிட்டா லேசா குனிஞ்சா போதும். கோணம் சின்னதுன்னா தூரம் ஜாஸ்தி. உனக்கு 30° படகு 34.64லயும் 45° படகு 60லயும் நிக்குது பாரு, அங்கயே பேனாவ நிறுத்தியிருக்கணும்.

ஒண்ணு மட்டும், கேள்வில எதிரெதிர்ப் பக்கம்னு இருந்தா கழிக்கக் கூடாது, கூட்டணும், அப்ப 163.92 வரும். √3 = 1.732ன்னு அவங்களே குடுத்தா அதையே போடு.