வாசகர் கேள்வி: குவாங் மேளம் சபைக்குள் வந்த கதை

கேள்வி: எங்கள் சபையிலிருந்து ஓர் இளம் தம்பதியர் வடஇந்தியப் பழங்குடி மக்களிடையே ஊழியம் செய்யப் புறப்படுகிறார்கள். நம் கீர்த்தனைகளையும் ஆராதனை முறையையும் மொழிபெயர்த்து அங்கே கற்றுக்கொடுக்க வேண்டும் என்றும், அம்மக்களின் பாட்டும் மேளமும் பழைய வழிபாட்டைச் சேர்ந்தவையாகையால் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது என்றும் பெரியவர்கள் சொல்கிறார்கள். இது சரியா?
— ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: சரியல்ல என்பதே என் எண்ணம். காரணத்தைச் சொல்ல மிசோரம் வரை போய்வர வேண்டியிருக்கிறது.

அன்று லுஷாய் மலை எனப்பட்ட அப்பகுதிக்கு 1894 ஜனவரியில் லோரெய்ன், சாவிட்ஜ் என்னும் இரண்டு ஆங்கிலேய மிஷனெரிகள் வந்து சேர்ந்தார்கள். மிசோ மொழிக்கு அப்போது எழுத்து வழக்கில் இல்லை. பேசக் கேட்டதை ரோமன் எழுத்தில் குறித்துக்கொண்டே மொழியைக் கற்று, நான்கே ஆண்டுகளில் லூக்கா, யோவான், அப்போஸ்தலர் நடபடிகள் ஆகியவற்றை மொழிபெயர்த்தார்கள். அவர்கள் தொகுத்த இலக்கணமும் அகராதியும் 1898இல் அச்சேறின. கடவுளைக் குறிக்க வெளியிலிருந்து ஒரு சொல்லைக் கொண்டுவராமல், மிசோ மக்கள் தொன்றுதொட்டு நன்மை செய்பவராகக் கருதிவந்த 'பதியன்' என்ற பெயரையே எடுத்துக்கொண்டார்கள்.

பேசத் தெரிந்தவுடன் அவர்கள் சொன்ன முதல் செய்தி, இயேசு பாவத்திலிருந்து மீட்பவர் என்பது. கேட்டவர்களிடம் அது ஒட்டவேயில்லை என்று லோரெய்னே பின்னாளில் எழுதியிருக்கிறார். மரத்திலும் பாறையிலும் ஊற்றிலும் குடியிருக்கும் 'ஹுவாய்' என்னும் தீய ஆவிகளே நோய்க்குக் காரணம் என்று அஞ்சி, ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஒரு பலி கொடுத்து வாழ்ந்த மக்கள் அவர்கள். அந்த ஆவிகளை வென்றவர் இயேசு என்று சொன்ன பிறகே காது கொடுத்தார்கள். கேட்பவரின் பயம் எது என்று தெரியாமல் செய்யும் பிரசங்கம், விலாசம் எழுதாத கடிதம்தான்.

மொழியில் இவ்வளவு கவனம் காட்டியவர்களின் பணி, இசையில் சறுக்கியது. 'குவாங்' என்பது மரத்தைக் குடைந்து இருபுறமும் தோல் கட்டிய மிசோ மேளம். 'சூ' என்னும் அரிசிக் கள்ளோடு நடந்த பழைய விருந்துகளில் முழங்கியது என்பதற்காக மிஷனெரிகளும், முதல் தலைமுறை மிசோ கிறிஸ்தவர்களும் அதை ஆராதனையிலிருந்து விலக்கினார்கள். அதன் இடத்தில் மேல்நாட்டு ராகங்களும், சுரங்களை எழுத்துகளால் குறிக்கும் டானிக் சோல்ஃபா முறையில் நான்கு குரல் பாட்டும் வந்தன. 1919இல் மிசோ சபைகளில் தொடங்கிய எழுப்புதல் என்னும் பக்தி எழுச்சியின்போதுதான் குவாங் மீண்டும் ஒலித்தது; 'லெங்காம் ஸை' என்ற மிசோப் பாட்டு வகையும் அதையொட்டி வளர்ந்தது. துக்க வீட்டில் இரவெல்லாம் கூடியிருந்து, மேளத்தின் நிதானமான அடிக்கு இழுத்துப் பாடும் பாட்டு அது. இன்று மிசோ ஆலயங்களில் பிரசங்க பீடத்தின் அருகிலேயே குவாங் இருக்கிறது. அதை உள்ளே கொண்டுவர எந்த மிஷனெரியும் திட்டம் போடவில்லை. மக்களே எடுத்து வந்தார்கள்.

நம் வீட்டுக் கதையும் இதுதானே. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக ராகத்தில் கீர்த்தனை பாடியிராவிட்டால், உங்கள் பெரியவர்கள் இன்று மொழிபெயர்க்கச் சொல்லும் பாட்டு எங்கிருந்து வந்திருக்கும்? கூடவே ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கீர்த்தனையையும் பூ அலங்காரத்தையும் ஆலயத்திலிருந்து நீக்க முயன்ற புது மிஷனெரிகளை எதிர்த்த அதே சாஸ்திரியார், சபையில் சாதி வேறுபாட்டை ஒழிக்க அவர்கள் முயன்றதையும் எதிர்த்தார். ஆகையால் 'உள்ளூர் வழக்கம்' என்ற பெயரில் வருவதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கும்படி நான் சொல்லவில்லை. எதை வைப்பது, எதை விடுவது என்பதை அந்த ஊர் விசுவாசிகள், வேதத்தைத் தம் மொழியில் வாசித்துத் தாமே முடிவு செய்யட்டும். போய்ச் சேர்ந்த முதல் மாதத்தில் நாம் பட்டியல் போடுவது முறையாகாது.

அந்தத் தம்பதியர் முதலில் மொழி கற்கட்டும். விதைக்கும்போது என்ன பாடுகிறார்கள், சாவு வீட்டில் என்ன பாடுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். அதுவரை அறிக்கை கேட்டு அவசரப்படுத்தாமலிருப்பது உங்கள் சபையின் வேலை.

கேள்வி: பழங்குடி மக்கள் ஏழைகளாயிருப்பதால், அங்குள்ள சபைச் செலவு முழுவதையும் அனுப்பும் சபைதானே ஏற்க வேண்டும்?
— ஒரு வாசகி, நாசரேத்

பதில்: ஊழியரின் பயணம், மொழிப் பயிற்சி, பிள்ளைகளின் படிப்பு ஆகியவை நம் பொறுப்பு. உள்ளூர்ச் சபையை நடத்தும் செலவு அப்படியல்ல. மிசோ பெண்கள் 1910இல் 'புஃபாய் தம்' என்ற காணிக்கையைத் தொடங்கினார்கள். உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனியே எடுத்து வைப்பார்கள். வீடு வீடாகச் சேர்த்து விற்ற பணம் சபைக்குப் போகும். பிடியரிசிக் காணிக்கை பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பணம் அபூர்வமாயிருந்த மலையில் தொடங்கிய அந்த வழக்கம் இன்றும் நடக்கிறது. மிசோ சபைகள் வெளி மாநிலங்களுக்கு அனுப்பும் மிஷனெரிகளின் செலவில் ஒரு பங்கு அந்த அரிசியிலிருந்தே வருகிறது.