எதிரி தெற்கே, படை மேற்கே: ஹங்கேரி மன்னரின் கணக்கு

கேள்வி: 15ஆம் நூற்றாண்டு ஹங்கேரியை வைத்து ஒரு சரித்திர நாவல் எழுதுகிறேன். 1485இல் புடா அரண்மனையில் ஓர் ஆலோசனைக் காட்சி வருகிறது. "துருக்கியர் வாசலில் நிற்கிறார்கள்" என்று வயதான தளபதி ஒருவர் கண்ணீர் விடுகிறார். மன்னர் மாத்தியாஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் வியன்னாவைப் பிடிக்கப் புறப்படுகிறார். இப்படி எழுதினால் வரலாற்றுக்குப் பொருந்துமா?

பதில்: பாதி பொருந்தும். முதலில் தேதியை மாற்றுங்கள். 1485 ஜூன் 1 அன்று மாத்தியாஸ் வியன்னாவுக்குள்ளேயே நுழைந்துவிட்டார். வியன்னா அப்போது புனித ரோமானியப் பேரரசர் மூன்றாம் ஃப்ரெடரிக்கின் நகரம்; அவரோடு இந்தக் கட்டப் போர் தொடங்கியது 1482இல். "போகலாமா, வேண்டாமா" என்ற பேச்சுக்கு அந்த ஆண்டுதான் சரி.

அப்புறம், அந்த அறையில் ஓர் ஆள் குறைகிறார். கஜானா எழுத்தர் ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வையுங்கள். அவர் வாயைத் திறந்தால் காட்சியே வேறாகிவிடும்.

அவர் என்ன சொல்வார்? அன்றைய ஹங்கேரியில் குடியானவர் வரி "போர்ட்டா" கணக்கில் வசூலானது. போர்ட்டா என்றால் வாசல். பாரம் ஏற்றிய வண்டி நுழையும் அளவுக்கு ஒரு வாசல் இருந்தால் அது ஒரு போர்ட்டா. போர்க்காலத்தில் வாசலுக்கு ஒரு பொற்காசு கேட்பார்கள். இன்னொரு பக்கம், மாத்தியாஸ் தன் படையைப் பற்றி எழுதிய கடிதத்தில் சம்பளத்தைச் சொல்கிறார்: கனத்த கவசம் அணிந்த குதிரை வீரர் குதிரை ஒன்றுக்கு மூன்று மாதத்துக்கு 15 பொற்காசு கேட்கிறார், ஹுசார் எனப்படும் இலகு குதிரை வீரருக்கு 10. கூட்டிப் பாருங்கள். ஒரே ஒரு கவசக் குதிரைக்கு ஆண்டுக்கு 60 காசு, அதாவது 60 வீட்டு வாசல்களின் வரி. 1487இல் ஆஸ்திரிய நகரான வீனர் நாய்ஷ்டாட்டில் அவர் படையைப் பார்வையிட்டபோது 28,000 பேர் நின்றார்கள் என்று நாளாகமம் சொல்கிறது. ஒரு ஏழை நாட்டின் வாசல்களை மட்டும் நம்பி இப்படி ஒரு படையை வைத்திருக்க முடியாது. 1467இல் வரி முறையை இறுக்கியபோதே நாட்டின் கிழக்குப் பகுதியான டிரான்சில்வேனியா கலகத்தில் இறங்கியது.

துருக்கியரின் மன்னரான உதுமானிய சுல்தானின் வருமானம் இவருடையதைப் போலப் பல மடங்கு. ஆகவே மேற்கே நிலம் பிடித்து, அந்த வரியையும் ஆட்களையும் கொண்டு தெற்கைக் காப்பது என்பது மாத்தியாஸின் திட்டம் என்று வரலாற்றாசிரியர் சிலர் வாதாடுவார்கள். வெறும் பேராசை என்பார்கள் வேறு சிலர். என் கருத்து இதுதான்: படையைக் கலைக்கவும் முடியவில்லை, சும்மா வைத்திருக்கவும் முடியவில்லை. சம்பளம் வாங்கும் படைக்குப் போர் வேண்டும், போருக்கு மறுபடி சம்பளம் வேண்டும். அந்தச் சுழலில் மன்னரும் சிக்கியிருந்தார். நாவலாசிரியருக்கு இதைவிட நல்ல மனப்போராட்டம் வேறெங்கே கிடைக்கும்?

வியன்னா மீது அவருக்கு இருந்த கோபத்துக்குப் பழைய வேர் ஒன்றும் உண்டு. 1458இல் பதினைந்து வயதுகூட நிறையாத பையனாக மன்னரானார். ஆனால் முடிசூட்ட மகுடம் இல்லை. ஹங்கேரியின் புனித மகுடம் ஃப்ரெடரிக்கின் கையில் இருந்தது. 1463இல் வீனர் நாய்ஷ்டாட் ஒப்பந்தப்படி 80,000 பொற்காசு கொடுத்து அதை மீட்டு, 1464இல்தான் முறைப்படி முடிசூடினார். அந்த ஒப்பந்தத்தில் ஒரு விபரீதமான ஷரத்து இருந்தது: மாத்தியாஸுக்கு முறையான வாரிசு இல்லாமல் போனால் நாடு ஃப்ரெடரிக்கின் ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்கு. நேப்பிள்ஸ் இளவரசி பியாட்ரிஸை 1476இல் மணந்தார், குழந்தை இல்லை. இருந்த ஒரே மகன் யானோஷ் திருமண உறவில் பிறந்தவனல்ல. 1480களில் ராணியும் மன்னரும் ஒரே மேசையில் உட்காரும் ஒவ்வொரு காட்சியிலும் இந்த ஷரத்தும் கூடவே உட்கார்ந்திருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

தெற்கை அவர் கைவிட்டார் என்றும் எழுதிவிடாதீர்கள். அது அவருக்கு அநியாயம். 1463இல் சுல்தான் இரண்டாம் மெஹ்மெத் போஸ்னியாவை விழுங்கினார். அதே ஆண்டின் கடைசியில் மாத்தியாஸ் அங்கிருந்த யாய்ட்ஸே கோட்டையைப் பிடித்தார். அடுத்த ஆண்டு மெஹ்மெத் நேரில் வந்து முற்றுகையிட்டும் அதை மீட்க முடியவில்லை. 1476 பிப்ரவரியில், குளிரில், சாவா ஆற்றங்கரையில் மரமும் மண்ணுமாகத் துருக்கியர் எழுப்பியிருந்த ஷாபாட்ஸ் கோட்டையைக் கைப்பற்றினார். சாவாவும் டான்யூபும் கூடும் இடத்தில் பெல்கிரேட். அவர் தந்தை ஹுன்யாடி 1456இல் காத்துக் கொடுத்த கோட்டை. இந்தக் கோட்டை வரிசைதான் நாட்டின் கதவு. அதைக் காப்பதற்கு ஆற்றுப் படகு வீரர்கள், செர்பியாவிலிருந்து தப்பி வந்த குதிரை வீரர்கள், உள்ளூர் தளபதிகள் எல்லாரும் இருந்தார்கள். மன்னர் வியன்னாவில் இருந்தபோதும் இந்தக் காவல் நடந்துகொண்டுதான் இருந்தது.

உங்கள் தளபதிக்கு முன்மாதிரி மாத்தியாஸின் தளபதி பால் கினிஷி. ஆனால் அவரை அழ விடாதீர்கள். 1479 அக்டோபர் 13 அன்று கென்யேர்மெஸோ சமவெளியில் துருக்கியப் படையை முறியடிப்பதில் பெரும் பங்கு அவருடையது. 1481இல் செர்பியாவுக்குள்ளேயே புகுந்து வந்தவர். அவர் ஆள் கேட்பார், காசு கேட்பார், கடிந்துகூடப் பேசுவார்.

மன்னரின் மேற்குப் போர்களை எதிர்த்து உண்மையிலேயே குரல் எழுப்பியவர்களை நீங்கள் தேடினால், 1471க்குப் போங்கள். பொஹிமியப் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) போரின் செலவும் வரியும் பொறுக்காமல், மன்னரை வளர்த்து ஆளாக்கிய பேராயர் யானோஷ் விடேஸே சதியில் இறங்கி, போலந்து இளவரசர் காஸிமிரை அழைத்தார். சதி தோற்றது. அடுத்த ஆண்டே கிழவர் இறந்தார். உங்கள் கண்ணீர்க் காட்சிக்கு அந்தக் கிழவர்தான் பொருத்தம்.

ஒரு விஷயம் மட்டும் மீதி. 1483இல் மாத்தியாஸ் சுல்தான் இரண்டாம் பாயஸீதோடு ஐந்தாண்டுப் போர் நிறுத்தம் செய்துகொண்டார். 1488இல் அதை நீட்டித்தார். இதைத் துரோகமாகக் காட்டத் தோன்றும். வேண்டாம். தெற்கே கை ஓய்ந்தால்தான் மேற்கே கை நீளும். சுல்தானுக்கும் தன் தம்பி ஜெம்மோடு தகராறு இருந்தது, அவருக்கும் அவகாசம் தேவைப்பட்டது. அந்தக் காகிதம் சூறையாடலை முழுவதும் நிறுத்தவில்லை என்பதை ஓர் எல்லைக் கிராமத்தை வைத்துக் காட்டுங்கள். தூதரைப் பற்றி: புடாவில் நிரந்தரத் துருக்கியத் தூதரகம் என்று எதையும் வைக்காதீர்கள். தூதர்கள் வருவார்கள், பேசுவார்கள், போவார்கள். சுல்தானின் அலுவலகத்தில் சிரிலிக் எழுத்தில் ஸ்லாவ் மொழி எழுதும் எழுத்தர்கள் இருந்தார்கள். மாத்தியாஸின் அலுவலகம் லத்தீனில் எழுதியது. நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் நிற்கட்டும்.

கடைசி அத்தியாயத்துக்கும் கினிஷியைப் பத்திரப்படுத்தி வையுங்கள். 1490 ஏப்ரல் 6 அன்று மாத்தியாஸ் வியன்னாவில் இறந்தார். அந்த ஆண்டே நகரம் ஹாப்ஸ்பர்க் கைக்குத் திரும்பியது. சம்பளம் நின்றுபோன கூலிப்படை தெற்கு ஹங்கேரியில் ஊர்களைக் கொள்ளையடிக்கத் தொடங்கியது. 1492இல் அந்தப் படையை அடித்து நொறுக்க அனுப்பப்பட்டவர், அதே கினிஷி.