பொன்னாச்சியைக் கூப்பிட்டீர்களா?

அன்புள்ள அண்ணா,

நாங்கள் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் சரவணம்பட்டியில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகி, டைஸ் உருட்டி அரக்கர்களோடு மோதும் கதை விளையாட்டு) ஆடுகிறோம். ஒருவர் டிஎம், அதாவது கதையையும் அரக்கர்களையும் நடத்துகிறவர். 2014 விதிகள். என் கேரக்டர் ஐந்தாம் லெவல் ஃபைட்டர் (போர்வீரன்), அதில் சாம்பியன் என்ற பிரிவு. போலார்ம் மாஸ்டர், கிரேட் வெப்பன் மாஸ்டர் என்ற சிறப்புத் திறமைகள் இரண்டும் எடுத்து ஒரு சுற்றுக்கு மூன்று அடி அடிக்கிறேன். எனக்கு ஈடுகொடுக்க டிஎம் அரக்கர்களைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறார். மந்திரவாதியான விசார்ட் செத்துப்போனார். ரோக் (பதுங்கித் தாக்குகிறவன்) ஆடுகிற நண்பர் போனை நோண்டுகிறார். போன வாரம், "நீயே ஆடிக்கோ, நாங்க புரோட்டா சாப்பிடப் போறோம்" என்று சொல்லிவிட்டார்கள். நான் வேண்டுமென்றே பலவீனமான கேரக்டரை எடுத்துக்கொள்ள வேண்டுமா? 2024 விதிகளுக்கு மாறினால் சரியாகுமா? கணக்குப் போட்டு ஆடுகிறவனுக்குக் கற்பனை கிடையாது என்கிறார்களே, அப்படியா?

ம., கோவை

அன்புள்ள ம.,

கடைசிக் கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். 1974ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது, அது பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டுகளிலிருந்துதான் கிளம்பி வந்தது. கணக்கு அதன் பிறப்பிலேயே இருக்கிறது. அதுவும் நம் ஊரில் உட்கார்ந்துகொண்டு கணக்குப் பார்ப்பவனைக் குறை சொல்வதா? சொன்னவர் சம்பளப் பட்டியலைப் பார்க்காமல்தான் கையெழுத்துப் போடுகிறாரா என்று கேளுங்கள்.

2024 விதிகளுக்கு மாறுவது வீண் வேலை. கிரேட் வெப்பன் மாஸ்டர் தருகிற, அடிக்க உருட்டும் எண்ணில் 5 குறைத்து டேமேஜில் (எதிரிக்கு ஏற்படும் சேதத்தில்) 10 கூட்டும் பேரத்தை அதில் எடுத்துவிட்டார்கள், உண்மைதான். ஒரே வாரத்தில் நீங்கள் வேறொரு பேரத்தைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

பலவீனமான கேரக்டர் என்ற யோசனைதான் எனக்குக் கோபம் வரவழைத்தது. குழந்தையோடு கேரம் ஆடி வேண்டுமென்றே தோற்கிற மாமாவைக் குழந்தைக்கே பிடிக்காது. உங்கள் நண்பர்கள் குழந்தைகளும் இல்லை. அவர்களுக்கு நீங்கள் தோற்க வேண்டியதில்லை தம்பி, அவர்கள் கையில் ஏதாவது வேலை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் கடிதம் வந்த வாரம் நான் அண்ணன்மார் கதையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். காங்கேயம் பக்கம் உடுக்கையடித்து இரவிரவாகப் பாடுகிற கதை. 1960களில் பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு மானுடவியலாளர் ஓலப்பாளையத்தில் தங்கி அதை ஒலிப்பதிவு செய்தார். அண்ணன் பொன்னர் பொறுமைசாலி. தம்பி சங்கர் உங்கள் ஃபைட்டரைப் போல. கத்தியை எடுத்தால் எதிரே யாரும் நிற்க முடியாது. கொம்பன் என்ற காட்டுப்பன்றியை வேட்டையாடப் பெரும் படையோடு கிளம்புகிறார்கள். வேட்டை நாய்களெல்லாம் போகின்றன. பொன்னாச்சி என்ற சின்னஞ்சிறு பெட்டை நாயை மட்டும் கூப்பிட மறந்துவிடுகிறார்கள்.

அதற்கு வந்த கோபம் இருக்கிறதே! அது சாபம் விடுகிறது, படை படுத்துவிடுகிறது. சங்கர் ஆளனுப்பி, சமாதானம் சொல்லி அழைத்துவர வேண்டியிருக்கிறது. கடைசியில் பன்றியின் அடியில் புகுந்து, கடிக்கக் கூடாத இடத்தில் கடித்துப் பிடிப்பது அதுதான். அதற்கப்புறம்தான் சங்கரின் ஆயுதத்துக்கே வேலை வருகிறது. நான் சிறுவனாக இருந்தபோது கேட்ட பாட்டுக்காரர், சங்கரின் வீரத்தைவிட அந்த நாயின் கோபத்துக்குத்தான் அதிக நேரம் கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாயி, "இத்தன பேரு போறாங்க, அந்தச் சின்ன உசுரக் கூப்புடோணும்னு ஒருத்தனுக்கும் தோணுல பாரு" என்று நிஜமாகவே ஆத்திரப்பட்டாள். சங்கர் பலசாலியாக இருப்பதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

உங்கள் மேஜையில் நடப்பதும் இதுதான். டிஎம் உங்களுக்காக அரக்கனின் கவச எண்ணை (அடி விழ எட்ட வேண்டிய எண்) 15லிருந்து 18க்கு ஏற்றுகிறார் என்று வையுங்கள். உருட்டுவதோடு 7 கூட்டிக்கொள்ளும் ரோக்குக்கு இருபது முக டைஸில் 8 விழுந்தால் போதும் என்றிருந்தது 11 ஆகிறது. அதாவது 65 சதவீத வாய்ப்பு 50க்கு இறங்குகிறது. நீங்கள் அந்த 5ஐக் கழிக்காமல் அடித்துச் சமாளித்துக்கொள்வீர்கள். அவர் என்ன செய்வார்? முறை வரும்போது ஒரே ஒரு டைஸ், அதுவும் பாதி நேரம் வீண். பிறகு உங்கள் மூன்று அடியையும் கூட்டி முடிக்கிற வரை காத்திருக்க வேண்டும். நானாக இருந்தாலும் போனைத்தான் எடுப்பேன்.

கணக்கில் கெட்டிக்காரர் அல்லவா நீங்கள்? அந்தக் கெட்டிக்காரத்தனத்தை உங்கள் கேரக்டர் ஷீட்டோடு ஏன் நிறுத்திக்கொண்டீர்கள்? சாம்பியனுக்குப் பதில் ஃபைட்டரின் இன்னொரு பிரிவான பேட்டில் மாஸ்டரைப் பாருங்கள். அதில் கமாண்டர்ஸ் ஸ்ட்ரைக் என்று ஒன்று உண்டு. உங்கள் அடிகளில் ஒன்றையும், கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷனையும் விட்டுக்கொடுத்தால், உங்கள் முறையிலேயே நண்பர், அடுத்தவர் முறையிலும் செய்யக்கூடிய செயலான தன் ரியாக்‌ஷனைப் பயன்படுத்தி ஓர் அடி அடிக்கலாம். அந்தப் பிரிவுக்குரிய உங்கள் சுப்பீரியாரிட்டி டைஸ் ஒன்றையும் டேமேஜில் சேர்த்துக்கொள்வார். ரோக்கின் ஸ்னீக் அட்டாக் (சமயம் பார்த்துத் தாக்கும்போது கூடும் டேமேஜ்) ஒரு முறைக்கு ஒன்றுதான், ஆனால் இது அவர் முறையல்ல, உங்கள் முறை. ஆகவே நிபந்தனை பொருந்தினால் மறுபடியும் விழும், ஐந்தாம் லெவலில் 3டி6, அதாவது மூன்று ஆறுமுக டைஸ். இந்தப் பொருத்தம் உங்களைப் போன்ற கணக்குப்பிள்ளைகள் என்றைக்கோ கண்டுபிடித்ததுதான். படித்திருப்பீர்கள். படித்துவிட்டு, பெருமை அடுத்தவனுக்குப் போகிறதே என்று தாண்டிப் போயிருப்பீர்கள்.

விசார்ட் பற்றி உங்கள் கடிதத்தில் "செத்துப்போனார்" என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அவர் எந்த மந்திரத்தை எடுத்தார் என்றாவது உங்களுக்குத் தெரியுமா?

சப்கிளாஸை (அந்தப் பிரிவை) மாற்ற டிஎம்மிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். தைரியமாகக் கேளுங்கள், மறுக்க மாட்டார். உங்கள் ஒருவருக்காக வாராவாரம் அரக்கர்களை ஊதிப் பெரிதாக்கிக்கொண்டிருக்கிறார், பாவம். அப்புறம் இந்த ஞாயிறு அந்தப் புரோட்டாவுக்கு நீங்களும் போங்கள், பில் உங்களுடையது.