எறும்பு அளவில் இரண்டு எழுத்து: சிறு குடும்பத்தின் ஷாம்பெய்னை இனம் காண்பது எப்படி?

கேள்வி: பாரிசில் ஓர் உணவகத்தின் சமையலறையில் 14 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எங்கள் தலைமைச் சமையற்காரர் டிசம்பரில் ஓய்வு பெறுகிறார். பெரிய கம்பெனிகளின் ஷாம்பெய்னை அவர் தினமும் பார்க்கிறார். அதனால், சொந்தத் தோட்டத்துத் திராட்சையில் தாங்களே தயாரிக்கும் ஒரு சிறு குடும்பத்தின் பாட்டிலைக் கொடுக்க ஆசை. எனக்குக் குடிப்பழக்கம் இல்லை, சுவைத்துப் பார்த்து வாங்கவும் முடியாது. எதைப் பார்த்து வாங்குவது? (வாசகர், லா கூர்நேவ்)

பதில்: எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும், நாக்கு தேவையில்லை. லேபிளில் உள்ள மாளிகைப் படத்தையும் பொன்னிற எழுத்தையும் விட்டுவிடுங்கள். ஓரத்தில், எறும்பு அளவில் இரண்டு ஆங்கில எழுத்துகளும் அவற்றையொட்டி ஓர் எண்ணும் இருக்கும். தயாரித்தவர் யார் என்பதை அந்த எழுத்துகள் சொல்லிவிடும். ஷாம்பெய்ன் பாட்டிலில் அவற்றை அச்சிட்டே ஆக வேண்டும்.

ஆர்.எம். என்றிருந்தால், விளைவித்தவரே தயாரித்தவர். நீங்கள் தேடுவது இதைத்தான். என்.எம். என்றால், வெளியாரிடம் திராட்சை வாங்கிச் செய்யும் நிறுவனம். பெரிய பெயர்கள் பெரும்பாலும் இதில் அடங்கும். சி.எம். கூட்டுறவுச் சங்கம். எம்.ஏ. என்பது சூப்பர் மார்க்கெட் போன்ற வாங்குபவரின் பெயரை ஒட்டி விற்பது.

ஏமாறும் இடம் ஆர்.சி. என்ற எழுத்துகள்தான். பாட்டிலில் விவசாயியின் குடும்பப் பெயரே இருக்கும், ஊர்ப் பெயரும் இருக்கும். ஆனால் அவர் திராட்சையைச் சங்கத்தில் கொடுத்துவிட்டு, அங்கே தயாரான ஒயினை வாங்கித் தன் பெயரில் விற்கிறார். அது மோசடியும் அல்ல, மோசமான ஒயினும் அல்ல. ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்ல. கடையில் அவசரமாகப் பார்த்தால் ஆர் என்ற முதல் எழுத்திலேயே கண் நின்றுவிடும். இரண்டாவதையும் படியுங்கள்.

இரண்டு எழுத்துக்கு இவ்வளவு முக்கியத்துவமா என்று தோன்றலாம். இந்த ஒயின் தயாராகும் ஷாம்பெய்ன் வட்டாரத்தில், திராட்சை நிலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு விவசாயிகளுடையது. விற்பனையில் பெரும்பங்கோ பெரிய நிறுவனங்களுடையது. இந்த இழுபறி பழையது. வெளி மாவட்டங்களிலிருந்து மலிவாகத் திராட்சையை இறக்கி ஷாம்பெய்ன் என்று விற்கிறார்கள் என்று 1911-இல் விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். அங்குள்ள ஆயி என்ற ஊரில் ஒயின் நிறுவனங்களின் கட்டடங்கள் தீக்கிரையாயின, அரசு ராணுவத்தை அனுப்பியது. எந்த ஊர்த் திராட்சை ஷாம்பெய்ன் ஆகும் என்று 1927-இல் சட்டம் எல்லையை வரையறுத்தது. தன் பெயரில் பாட்டில் விற்கும் விவசாயிக்கு ஷாம்பெய்ன் என்ற பெயர் எளிதில் வந்துவிடவில்லை.

ஆர்.எம். என்பதால் மட்டும் ஒயின் சிறந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிறுவனங்கள் பல ஊர்த் திராட்சையைக் கலந்து ஆண்டுதோறும் ஒரே சுவையைக் கொண்டுவருகின்றன. அது பெரிய திறமை. சிறு குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை. ஓர் ஊர், சில துண்டு நிலம், அந்த ஆண்டின் மழை வெயில், அவ்வளவுதான் கையில். அதனால் சுவையில் ஏற்ற இறக்கம் இருக்கும். உங்கள் தலைமைச் சமையற்காரர் ரசிக்கப் போவது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

அந்த வட்டாரத்தின் கோத் தே ப்லான் சரிவில் அப்படி ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறேன். வீட்டுக்கு அடியிலேயே நிலவறை. சாய்வான மரப் பலகைத் துளைகளில் பாட்டில்கள் தலைகீழாகச் செருகியிருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளைச் சாயக் கோடு. பெரியவர் இரண்டு கையாலும் இரண்டிரண்டாகப் பிடித்து, டக், டக் என்று எட்டில் ஒரு பங்கு சுற்றுத் திருப்பிக்கொண்டே போனார். எது எவ்வளவு திரும்பியது என்பதற்கு அந்தக் கோடுதான் கணக்கு. பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை புளிக்கும்போது ஈஸ்ட் வண்டலாகத் தங்கிவிடும். அதை மெல்லக் கழுத்துக்கு இறக்கும் வேலை இது. இறங்கியதும் கழுத்தை மட்டும் உறைய வைத்து மூடியைத் திறந்தால், உள்ளிருக்கும் அழுத்தம் வண்டல் கட்டியை வெளியே தள்ளிவிடும். ‘மகன் எந்திரம் வாங்கிவிட்டான், இந்தப் பலகை என் பிடிவாதத்துக்காக’ என்றார் பெரியவர்.

வண்டல் நீக்கிய தேதியைப் பல சிறு தயாரிப்பாளர்கள் பின் லேபிளில் அச்சிடுகிறார்கள். பிரெஞ்சில் தெகோர்ஜ்மான் என்று இருக்கும். வண்டலோடு இருக்கும்வரை ஒயின் புதிதாகவே இருக்கும். நீக்கிய பிறகுதான் அதன் வயது ஓடத் தொடங்குகிறது. ஆண்டு குறிப்பிடாத சாதாரண வகை என்றால், அந்தத் தேதி ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள் இருப்பதை எடுங்கள். தேதி அச்சிடாதவரிடம் கேளுங்கள், தவறில்லை.

இனிப்பைப் பற்றி ஒரு குழப்பம். லேபிளில் ப்ரூட் என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவான சர்க்கரை. எக்ஸ்ட்ரா ட்ரை என்ற பெயரைப் பார்த்து அது இன்னும் இனிப்பு குறைந்தது என்று நினைப்பார்கள். உண்மையில் அதில் 12 முதல் 17 கிராம் வரை இருக்கும். சாப்பாட்டுக்கு முன் பருக ப்ரூட் அல்லது அதைவிட இனிப்பு குறைந்த எக்ஸ்ட்ரா ப்ரூட் வாங்குங்கள். கேக்கோடு பரிமாறுவதாக இருந்தால் இனிப்பு கூடிய தெமி செக். கேக்குக்குப் பின் ப்ரூட் குடித்தால் புளிப்புதான் மிஞ்சும்.

நேரில் போக விருப்பமிருந்தால் பாரிசின் கார் தெ லெஸ்ட் நிலையத்திலிருந்து ஷாம்பெய்ன் வட்டாரத்து ஊரான எப்பர்னேக்கு ஒன்றேகால் மணி நேர ரயில். முன்கூட்டித் தொலைபேசியில் நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். அது கடையல்ல, வீடு. ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும் அறுவடைக் காலம். அங்கே கையால்தான் பறிக்க வேண்டும் என்பது சட்டம், அதனால் அப்போது உங்களோடு பேச யாருக்கும் நேரம் இருக்காது. விலை பெரும்பாலும் 20 முதல் 35 யூரோவுக்குள் அடங்கும்.

வாங்கிய பாட்டிலை நம் வழக்கப்படி கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைத்துவிடாதீர்கள். வெளிச்சமும் சூடும் அதற்கு ஆகாது, நிறமற்ற பாட்டில் என்றால் வெளிச்சம் இன்னும் சீக்கிரம் கெடுக்கும். கட்டடத்தில் உங்களுக்கு நிலவறை இருந்தால் அங்கே. இல்லாவிட்டால் துணியில் சுற்றி, அடுப்பிலிருந்து தள்ளி, இருட்டான மூலையில். கொடுக்கும் நாளில் மூன்று நான்கு மணி நேரம் குளிர்பெட்டியில் இருந்தால் போதும், உறைபெட்டி வேண்டாம்.

திறக்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால்: உள்ளே கார் டயரைப் போல் இரண்டு மூன்று மடங்கு அழுத்தம். பாட்டிலைச் சாய்த்து, யார் முகமும் எதிரே இல்லாமல் பாருங்கள். கம்பிக்கூட்டை ஆறு அரைச் சுற்றில் தளர்த்துங்கள், ஆனால் கழற்றாதீர்கள். தக்கையைக் கூட்டோடு சேர்த்து இறுகப் பிடித்துக்கொண்டு பாட்டிலை மட்டும் திருப்புங்கள். வெடிச்சத்தம் கேட்டால் நுரையோடு நல்ல ஒயினும் தரையில். ‘ஸ்ஸ்’ என்று மெல்ல மூச்சு விட்டால் சரியாகத் திறந்திருக்கிறீர்கள், உங்கள் தலைமைச் சமையற்காரரும் அதைக் கவனித்திருப்பார்.