மேனேஜர் சைக்கோபாத்தா, இல்ல நான்தான் ரொம்ப சென்சிட்டிவா?

கேள்வி: டாக்டர், எனக்கு 34 வயசு. புது மேனேஜர் வந்து ஒரு வருஷம் ஆகுது. பெரிய ஆளுங்க முன்னாடி தேனா பேசுவார், தனியா கூப்பிட்டா கண்ணைப் பார்த்துகிட்டே கூசாம பொய் சொல்வார். நான் செஞ்ச வேலை அவர் பேர்ல போகுது, தப்பு மட்டும் என் பேர்ல வருது. ஒருத்தரைப் பத்தி இன்னொருத்தர்கிட்ட ஏத்தி விடறதே வேலை. இப்பல்லாம் லீவு முடியற அன்னிக்கு சாயங்காலமே நெஞ்சு படபடங்குது, ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துட்டா அப்புறம் தூக்கமே இல்ல. இவர் சைக்கோபாத்தா? இல்ல என்கிட்டதான் கோளாறா?

பதில்: கோளாறு உங்ககிட்ட இல்லம்மா. எந்தப் பக்கத்துலேர்ந்து அடி விழும்னே தெரியாம ஒரு வருஷம் வேலை பார்த்தா யாருக்கா இருந்தாலும் தூக்கம் கெடத்தான் செய்யும், வயிறும் சேர்ந்து படுத்தும். அதுக்காக எல்லாத்தையும் மேனேஜர் தலைல கட்டிடவும் வேணாம், தைராய்டு அதிகமா சுரந்தாலும் ரத்தம் கம்மியா இருந்தாலும் இதே படபடப்பு வரும், அதனால நேர்ல ஒரு டாக்டரைப் பார்த்து பிபி, ஈசிஜி, ஹீமோகுளோபின், தைராய்டு டெஸ்ட் எடுத்துடுங்க. தூக்க மாத்திரை நீங்களா வாங்கிப் போடாதீங்க.

சரி, அவர் சைக்கோபாத்தா, அதாவது அடுத்தவங்க வலி மனசுல உறைக்காம, கூசாம ஏமாத்தற சுபாவம் உள்ளவரா? நான் பார்க்காத ஆளுக்கு நான் பேர் வைக்க முடியாது, நெட்ல இருக்கற பத்து கேள்வி குவிஸாலயும் முடியாது. இதுக்குன்னு ராபர்ட் ஹேர்ங்கற கனடா உளவியல் பேராசிரியர் உருவாக்கின லிஸ்ட் ஒண்ணு இருக்கு, 20 விஷயம், ஒவ்வொண்ணுக்கும் 0லேர்ந்து 2 வரைக்கும் மார்க், மொத்தம் 40ல 30ஐத் தொட்டாத்தான் வழக்கமா அந்தப் பேரையே சொல்வாங்க. அதையும் ட்ரெயினிங் எடுத்தவங்க மணிக்கணக்கா பேசி, பழைய ரெக்கார்டையும் வச்சு சரிபார்த்துத்தான் போடணும், ஏன்னா அந்த ஆள் சொல்றதை மட்டும் நம்பினா நம்மளையே கவுத்துடுவார்.

ஹேரும் பேபியாக்ங்கற உளவியலாளரும் இன்னொருத்தரும் சேர்ந்து 2010ல கம்பெனி ஆட்கள் 203 பேரைப் பார்த்தாங்க, அதுல கிட்டத்தட்ட 4 சதவீதம் பேர் அந்த 30 மார்க்கைத் தொட்டாங்க, பொது ஜனத்துல ஒரு சதவீதம்தான்னு பொதுவா சொல்வாங்க. அதுக்காக எல்லா கம்பெனிக்கும் இதே கணக்குன்னு சொல்லிட முடியாது, அந்த 203 பேரும் கம்பெனிங்களே பொறுக்கி எடுத்து அனுப்பினவங்க. ‘அஞ்சு பாஸ்ல ஒருத்தர் சைக்கோபாத்’னு சுத்தற கணக்கை நம்பவே நம்பாதீங்க. அந்த ஆராய்ச்சில எனக்கு முக்கியமா படறது வேற, மார்க் அதிகம் வாங்கினவங்களைப் பத்தி கம்பெனில என்ன அபிப்ராயம்னா பேச்சுத் திறமை பிரமாதம், ஐடியா பிரமாதம், ஆனா டீமோட ஒத்துப்போறதும் வேலையை முடிச்சுக் காட்டறதும் மட்டம். மேல இருக்கறவங்க கண்ணுக்கு அந்தப் பேச்சுதான் தெரியுது, மிச்சத்தை நீங்கதான் அனுபவிக்கறீங்க. எப்படி இவரை நல்லவர்னு நம்பறாங்கன்னு நீங்க தலையைப் பிச்சுக்க வேணாம்.

பேர் எதுவா இருந்தாலும் ஒண்ணு மட்டும் கவனிங்க. டென்ஷன்ல கத்தற பாஸ் சாதாரணமா பின்னாடி சங்கடப்படுவார். இந்த மாதிரி ஆளுங்களுக்கு உங்களுக்கு வலிக்குதுன்னு புத்திக்கு நல்லாவே புரியும், மனசுலதான் உறைக்காது. இது தெரியாம நிறைய பேர் என்ன பண்றாங்கன்னா, தனியா போய் அழுது, வீட்டுப் பிரச்சனை வரைக்கும் கொட்டி, இனிமேலாவது புரிஞ்சுப்பார்னு காத்துகிட்டு இருக்காங்க, அது எங்க அமுக்கினா வலிக்கும்னு அவருக்கு நீங்களே சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடும். அவர்கிட்ட வேலை மட்டும் பேசுங்க. வாயால சொன்னதை உடனே ‘நீங்க சொன்னபடி இதைச் செய்யறேன்’னு மெயில்ல போட்டுடுங்க. என்னிக்கு என்ன நடந்துச்சுன்னு தேதியோட குறிச்சு வைங்க, கம்பெனி ஃபைலை மட்டும் சொந்த மெயிலுக்கு அனுப்பிடாதீங்க, அதை வச்சே உங்களை மாட்டி விடலாம். கூட வேலை பார்க்கறவங்க உங்களைப் பத்தி ஏதோ சொன்னதா அவர் சொன்னா, நேரா அவங்ககிட்டயே போய்க் கேளுங்க, பாதி கோள் அங்கேயே உடைஞ்சுடும்.

ஹெச்.ஆர். கிட்ட போனா ‘சைக்கோபாத்’ங்கற வார்த்தையே வாயில வரக்கூடாது, நடந்ததை மட்டும் சொல்லுங்க. இல்லன்னா பேச்சு அவரை விட்டுட்டு உங்க மேல திரும்பிடும். வேற டீமுக்கு மாறறது, வேற வேலை தேடறது, இதெல்லாம் தோத்துப்போறது இல்ல. என் நோயாளிங்க பலருக்கு மாத்திரையை விட அதுதான் தூக்கத்தைத் திருப்பிக் குடுத்துச்சு. ஆனா ஒரு ராத்திரி கோவத்துல ராஜினாமா எழுதாதீங்க, அடுத்தது கைல கிடைச்சப்புறம் எழுதுங்க.

ஒருவேளை ‘இருந்து என்ன ஆகப்போகுது’ன்னு எண்ணம் வந்தாலோ, தூங்கறதுக்காகக் குடிக்க ஆரம்பிச்சாலோ அன்னிக்கே மனநல மருத்துவரைப் பாருங்க. நெஞ்சுவலி, மூச்சு வாங்கறதுன்னா நேரா எமர்ஜென்சி. டாக்டர்கிட்ட போறப்ப ஆபீஸ் கதையையும் சேர்த்தே சொல்லுங்க, முக்கால்வாசி பேர் ‘தூக்கம் வரல டாக்டர்’னு மட்டும் சொல்லிட்டு ஒரு சீட்டோட திரும்பிடறாங்க.